முடத்தெங்குப் பள்ளிகள்

‘பள்ளி’ என்பது யாருடைய சொல்? வாயில் வளைவில் ‘இன்டர்நேசனல் இசுகூல்’ என்று பொன்னெழுத்திற் பொறித்து, தமிழிலும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்னும் கடனுக்காக அதன் அடியில் ‘பன்னாட்டுப் பள்ளி’ என்று பொடியெழுத்தில் வரைந்து வைத்திருக்கின்றனரே, அந்தப் பள்ளி என்னும் சொல் எங்கே பிறந்தது? அதை அறியச் செனீவாவுக்குச் செல்ல வேண்டா. கேம்பிரிட்சுக்கும் செல்ல வேண்டா. புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் சாலையில் ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவு சென்றால் போதும்.

சித்தன்னவாசற் குன்றில் ஏழடிப்பட்டம் என்றொரு குகைத்தளம் உண்டு. பாறையில் வெட்டிய ஏழு அடிக்குழிகளின் வழியே அடைவதால் அஃது அப்பெயர் பெற்றது. உள்ளே 17 கற்படுக்கைகள். தலைவைக்கும் பக்கம் தலையணைபோற் சற்றே மேடாக, கைவைத்தால் வழுக்கும்படி இழைக்கப்பட்டவை. அமணத் துறவோர் படுத்த படுக்கை பள்ளி. அப்படுக்கையுடைய உறையுள் பள்ளி. அவ்வுறையுளில் இருந்த துறவோர் சுற்றுப்புறத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுக்கவே, கற்கும் இடமும் பள்ளி ஆயிற்று. இன்று நம் வாயில் நாளும் வழங்கும் பள்ளிக்கூடம் என்னும் சொல் இத்தகைய கற்படுக்கைகளிலிருந்து எழுந்து வந்த சொல்.

அப்படுக்கைகளுள் பெரியதொன்றில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. 2000 ஆண்டுக்கும் மேற்பட்டது. எருமிநாட்டுக் குமுழூரிற் பிறந்த ஒருவர்க்கு இளையர் என்பார் அவ்விருக்கையை அமைத்துக் கொடுத்தார் என்பது அதிலுள்ள செய்தி. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் கல்வெட்டறிஞர். வேற்று நாட்டிலிருந்து ஒருவர் வந்தார். அவர்க்கு இம்மண்ணின் மக்கள் இடங்கொடுத்தனர். இடங்கொடுத்த செய்தியைத் தம் மொழியிலே, தம் எழுத்திலே கல்லில் வெட்டினர். வந்தவரின் மொழியில் வெட்டவில்லை. வந்தவரும் அதனைக் குறையென்று கருதியிரார். அன்பர்காள், இதுவன்றோ பன்னாட்டுப் பள்ளி!

பின்னும் ஒரு செய்தி. அதே குன்றில் உள்ள அறிவர் கோயிலை ஒன்பதாம் நூற்றாண்டில் புதுக்கியவர் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர். பாண்டியன் சீமாறன் சீவல்லவன் காலம் அது. அவர் வழிபட்ட சமயம் வடக்கே தோன்றியது. அதன் மறைநூல்கள் பாகதத்தில் அமைந்தவை. ஆயினும் அவர் திருப்பணியைச் சொல்லும் கல்வெட்டு தமிழ்ப் பாட்டாக இருக்கிறது. அந்த அமண மரபில் வந்த பவணந்தியே பதின்மூன்றாம் நூற்றாண்டில் நமக்கு நன்னூல் செய்து தந்தார். அயலிலிருந்து வந்த கல்வி தமிழில் வேரூன்றித் தமிழுக்கே காய்த்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

(இவ்விடத்து ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்வேன். அறிவர் கோயில் விதானத்துத் தாமரைப் பொய்கையும், அதில் ஆடும் களிறும் மீனும் புள்ளும் இங்கேதான் இருந்தன. ஆடுமாடு மேய்ப்பவரும் அண்ணாந்து பார்த்திருப்பர். புதுக்கோட்டை வரலாறு எழுதிய இராதாகிருட்டிணர் 1916-இலேயே இக்கோயிலைக் குறித்தார். ஆனால் 1920-இல் துப்ரே என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் அவ்வோவியங்களைப் பற்றி எழுதிய பின்னரே நம்மவர்க்கு அவை ஓவியங்களாகத் தெரிந்தன. அயலான் ‘நன்று’ என்று முத்திரை குத்தும்வரை நம் பொருள் நமக்குப் பொருளாகத் தோன்றாத நோய் நெடுநாளைய நோய்.)

அந்த முத்திரைக்குத்தான் இன்று ‘அக்கிரெடிட்டேசன்’ என்று பெயர். நாம் தரவேற்பு என்போம்.

1924-இல் செனீவா நகரில் நாட்டுக் கூட்டமைப்பின் அலுவலர் தம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி அமைத்தனர். இன்று இந்நாடு, நாளை வேறுநாடு என்று பெயரும் பெற்றோரின் பிள்ளைகள் எங்குச் சென்றாலும் ஒரே பாடத்தைத் தொடர வேண்டும் என்னும் நேர்மையான தேவை அவர்கட்கு இருந்தது. அத்தேவையிலிருந்தே 1968-இல் ‘இன்டர்நேசனல் பாக்கலரியேட்’ என்னும் வாய்நுழையாப் பெயர்கொண்ட அமைப்பு அந்நகரில் எழுந்தது, ஐ.பி. என்று சுருக்கி அழைக்கின்றனர். இந்திய ஒன்றியத்திலேயே முதன்முதல் அதன் பாடத்திட்டம் கால்வைத்த இடம் எது தெரியுமா? நம் பழனிமலைத் தொடரில் உள்ள கோடைக்கானல். 1901-இல் அமெரிக்கச் சமயத்தொண்டர் தம் மக்களுக்கென அமைத்துக்கொண்ட பள்ளி, 1976-இல் ஐ.பி. பட்டயத் திட்டத்தை ஏற்றது. அயலார் பிள்ளைகட்கு அயலார் வைத்த பள்ளி. அதனோடு நமக்குப் பூசலில்லை. ஆனால் அதே 1976-ஆம் ஆண்டில்தான் நெருக்கடிநிலை இருட்டில் அரசமைப்பின் 42-ஆம் திருத்தத்தால் கல்வி என்னும் உரிமை மாநிலப் பட்டியலிலிருந்து பிடுங்கப்பட்டுப் பொதுப் பட்டியலுக்குச் சென்றது என்பதையும் நினைவிற் கொள்க. ஒரு வாயில் தில்லியை நோக்கியும் மற்றொரு வாயில் செனீவாவை நோக்கியும் ஒரே ஆண்டில் திறந்தன. நடுவில் நின்ற தமிழ் இரண்டுக்கும் வெளியே ஆயிற்று.

கேம்பிரிட்சின் கதை இன்னும் பழையது. 1858-இல் தொடங்கிய தேர்வுக்குழு அது. ஆங்கிலவர் ஆண்ட நாடெங்கும் அதன் வினாத்தாள் கப்பலேறிச் சென்றது. கேம்பிரிட்சுப் பள்ளித் தேர்வுக்கு மாற்றாக 1958-இல் அமைந்ததே இன்று ஐ.சி.எசு.இ. தேர்வை நடத்தும் குழு. ஆண்டவன் போய் 11 ஆண்டு கழித்தும் அவன் தேர்வுத்தாளுக்கு மாற்றுத் தேடிக்கொண்டிருந்தோம். மாற்றுக் கண்டு அரை நூற்றாண்டு ஆவதற்குள் பழைய தாளையே பணங்கொடுத்து மீண்டும் அழைத்துக்கொண்டோம்! அடிமை விலங்கை அவன் கழற்றினான். நாம் அதற்குப் பொன்முலாம் பூசி அணிந்துகொண்டோம்.

தரவேற்பு எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். ஐ.பி. பாடத்திட்டம் வேண்டும் பள்ளி முதலில் விண்ணப்பித்து வேட்புநிலைப் பள்ளியாகிறது. கருத்துரைஞர் ஒருவர் வழிகாட்டுகிறார். ஆசிரியர் பயிற்சிக்குச் செல்கின்றனர். பின்னர்ப் பார்வைக்குழு வருகிறது. நூலகம், ஆய்வகம், பாடத்தை எழுதிவைத்துள்ள முறை, மதிப்பிடும் முறை எல்லாம் பார்த்து இசைவு தருகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு மதிப்பீடு உண்டு. நேர்மையாகச் சொல்வதானால், அவர்கள் கேட்கும் வினாக்கள் தீயன அல்ல. நம் கல்வித்துறை ஆய்வாளர் பள்ளிக்கு வரும்போது கேட்கும் வினாக்களைவிடப் பல நல்லனவே. வருகைப் பதிவேட்டின் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பதையே ஆய்வு என்று கருதும் நம் அலுவலர் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் அவ்வினாக்கள் புதியன என்று யாரும் மயங்க வேண்டா. நன்னூலின் பொதுப்பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். நூல் எப்படி இருத்தல் வேண்டும், கற்பிப்பவன் தகுதி யாது, கற்பிக்கும் முறை யாது, கற்பவன் தகுதி யாது, கற்கும் முறை யாது என்று ஐந்து கூறாகப் பகுத்துப் பவணந்தி கேட்கிறார். செனீவாவிலிருந்து வரும் கட்டுக் கட்டான படிவங்களைச் சுண்டக் காய்ச்சினால் அடியில் தங்குவது இவ்வைந்துதான். நூலை அவையிற் படித்துக் காட்டி, அறிந்தோர் தடைவினா எழுப்ப, விடையிறுத்து ஏற்புப் பெறும் அரங்கேற்றம் என்னும் தரவேற்பு முறை அதனினும் பழையது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பதைப் பனம்பாரனார் பாயிரத்தால் அறிகிறோம். தரம் பார்க்கத் தெரியாத மக்களல்லர் தமிழர். பார்ப்பதற்கு இன்று நேரமில்லை, விருப்பமும் இல்லை.

இனி நான் சொல்லப் போவதைப் பொறுமையாகக் கேளுங்கள். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே. இப்பள்ளிகளில் தமிழ் இல்லாமைக்கு அயலான் விதியே ஏது என்று நம்மவர் சொல்கின்றனர். ‘என்ன செய்வது ஐயா, அவர்கள் பாடத்திட்டம் அப்படி’ என்று முதல்வர் கையை விரிக்கிறார். இது முழுப்பொய். ஐ.பி. அமைப்பு தன் கீழுள்ள ஒவ்வொரு பள்ளியும் மொழிக்கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்கிறது. மாணவனின் தாய்மொழிக்கும், பள்ளி இருக்கும் நாட்டின் மொழிக்கும் அக்கொள்கையில் இடம் இருத்தல் வேண்டும் என்கிறது. பட்டயத் திட்டத்தின் முதற்பாடத் தொகுதியே மாணவன் தன் மொழியின் இலக்கியத்தைக் கற்பதற்கானது. அம்மொழிக்கு ஆசிரியர் கிடைக்காவிடினும், பள்ளியின் துணையோடு மாணவன் தானே கற்றுத் தேர்வெழுதவும் வழிவகுத்துள்ளது. கேம்பிரிட்சுத் தேர்வகமோ தமிழையே பாடமாக வைத்து உயர்நிலைத் தேர்வுத்தாள் நடத்தியுள்ளது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்கே தமிழ்ப்பிள்ளை கேம்பிரிட்சோடு இணைந்து நடத்தப்படும் பொதுநிலைத் தேர்வில் தமிழை எழுதுகிறான்.

ஆக, கதவை அடைத்தவன் அயலான் அல்லன். அவன் திறந்து வைத்த கதவை உள்ளேயிருந்து தாழிட்டவன் நம் ஊர்க்காரன். நாட்டின் மொழி எது என்று படிவத்தில் கேட்டால் ‘ஆங்கிலம்’ என்றோ ‘இந்தி’ என்றோ நிரப்பிவிட்டுப் போக ஒருவனுக்கு மனம் வருகிறதே, அவனைத்தான் நாம் நோக்க வேண்டும்.

இந்நிலை மாற்றக்கூடியதா என்று ஐயுறுவோர் சப்பானியரைப் பார்க்கட்டும். அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 2013-இல் ஐ.பி. அமைப்போடு பேசி உடன்பாடு கண்டது. வரலாறு, கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் முதலாய பாடங்களைச் சப்பானிய மொழியிலேயே கற்பித்து, அம்மொழியிலேயே தேர்வெழுதிப் பட்டயம் பெறும் வழி அதனாற் பிறந்தது. அயல்நாட்டுச் சான்றிதழ் வேண்டும், ஆயினும் அதை எம் மொழியிற் கொண்டுவந்து கொடு என்று அவர்கள் கேட்டனர், கொடுக்கப்பட்டது. உலகெங்கும் எட்டுக் கோடிக்குக் குறையாத மக்களின் மொழி தமிழ். செம்மொழி என்று 2004-இல் நடுவணரசே ஏற்ற மொழி. அதற்காகச் செனீவாவின் கதவைத் தட்ட ஓர் அமைச்சருக்கோ அலுவலருக்கோ கால் வலிக்குமா?

நன்னூலார் ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கு நான்கு உவமை சொல்கிறார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. முன்னைய மூன்றையும் விடுங்கள். முடத்தெங்கு என்பது வளைந்த தென்னை. வேர் ஒருவன் தோட்டத்தில், நீர் வார்ப்பவன் அவன், எருவிடுபவன் அவன், குலை சாய்ந்து காய் உதிர்வதோ வேலிக்கப்பால் அடுத்தவன் முற்றத்தில். இப்பன்னாட்டுப் பள்ளிகளுக்கு இதனினும் பொருந்திய பெயர் எனக்குத் தெரியவில்லை. நிலம் தமிழ்நிலம். கட்டடம் எழுப்பியது தமிழன் உழைப்பு. கட்டணம் கட்டுவது தமிழ்ப் பெற்றோர். அதுவும் உழுநிலத்தை விற்றுக் கட்டுவோர் உளர். விளையும் பிள்ளையோ, தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்ப் பலகையைப் படிக்க இயலாமல் நிற்கிறான்.

மிகைப்படுத்துகிறேன் என்பீர்களாயின் கேளுங்கள். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், இன்று நல்ல நிலையில் இருப்பவர், தம் மகனைச் சித்தன்னவாசல் காட்ட அழைத்து வந்தார். பன்னாட்டுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. கூர்த்த அறிவு, பாறை எவ்வாறு உருவாகிறது, தாவர நிறம் எத்தனை ஆண்டு தாங்கும் என்றெல்லாம் ஆங்கிலத்தில் அடுக்கடுக்காக வினவினான். மகிழ்ந்தேன். பின்னர்க் குகையின் கல்வெட்டைக் காட்டி, ‘இது தமிழ்தான், தம்பி; எழுத்துத்தான் பழையது. இன்றைய எழுத்தில் பலகையில் எழுதியிருக்கிறது, படித்துப் பார்’ என்றேன். பிள்ளை தந்தை முகத்தைப் பார்த்தான். தந்தை என் முகத்தைப் பாராமல், ‘அவன் பிரெஞ்சு எடுத்திருக்கிறான், ஐயா, மதிப்பெண் நன்றாக வரும் என்றார்கள்’ என்றார். 2000 ஆண்டுக்கு முற்பட்ட தமிழும் அப்பிள்ளைக்குப் புரியவில்லை. நேற்று எழுதிய தமிழும் புரியவில்லை. அவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. பிள்ளையைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. தாத்தா தன் தாய்க்கு எழுதிய மடலை அவன் என்றேனும் கையில் எடுத்தால், அதையும் அவன் கல்வெட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் இயற்றப்பட்டது. 2014-இல் ஓர் அரசாணையால் அது நடுவண் வாரியம் முதலாய பிற வாரியப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2015-16-இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2024-25-இல் பத்தாம் வகுப்பை எட்ட வேண்டிய ஏற்பாடு. தாளில் எல்லாம் செம்மையாக இருக்கிறது. வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால், கிழமைக்கு இரண்டு பாடவேளை, அதுவும் உண்டபின் உறங்கும் நேரத்தில். தமிழாசிரியர்க்கு மற்றவரிற் பாதி ஊதியம். ஆண்டுவிழாவில் வரவேற்புப் பாட்டுக்கு மட்டும் அவர் தேவை. தரவேற்புக்குழு வரும் நாளில் அவர்க்கு விடுப்புக் கொடுத்தனுப்பும் பள்ளியையும் நான் அறிவேன்.

பயிற்றுமொழி பற்றிய வழக்கில் நாம் தோற்றது மெய். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழி என்று 1999-இல் போடப்பட்ட அரசாணையைச் சென்னை உயர்முறைமன்றம் 2000-இல் வெட்டி வீழ்த்தியது. கருநாடக வழக்கில் 2014-இல் உச்ச முறைமன்றம், தாய்மொழி வழியை அரசு திணித்தல் ஆகாது என்றது. ஆனால் மாநில மொழியைப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று அரசு ஆணையிடலாம் என்பதை அம்மன்றமே முன்னொரு கருநாடக வழக்கில் ஏற்றுள்ளது. அக்கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. தெலுங்கர் அதன் வழியே நுழைந்தனர்: 2018-இல் எவ்வாரியப் பள்ளியாயினும் தெலுங்கு கற்பித்தாக வேண்டும் என்று சட்டம் செய்தனர். மராட்டியர் 2020-இல் செய்தனர். மீறும் பள்ளித் தலைமைக்கு ஓரிலக்கம் உருபா வரை தண்டம் என்றும் எழுதினர். மலையாளத்தார் 2017-இலேயே செய்தனர். 1939-இலும் 1965-இலும் மொழிக்காக உயிர் கொடுத்த மண் நம்முடையது. நம்மைப் பார்த்து எழுச்சி பெற்றோர் நமக்கு முன்னே சென்றுவிட்டனர். நாம் பழைய ஈகியர் படத்துக்கு மாலை மாற்றிக்கொண்டு இருக்கிறோம்.

இதற்கிடையே பிடியும் தளர்கிறது. சி.பி.எசு.இ. வாரியத்தோடு ஒரு பள்ளி இணைய வேண்டுமாயின் மாநில அரசின் மறுப்பின்மைச் சான்று வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. 2025-இல் அவ்வாரியம் தன் விதியைத் திருத்தியது. மாநில அரசு உரிய காலத்துள் மறுமொழி தராவிடின் மறுப்பில்லை என்றே கொள்ளப்படுமாம். நம் அலுவலகங்களில் மடல் உறங்கும் காலம் எவ்வளவு என்பதை அறிந்தவர்தாம் இவ்விதியை எழுதியிருப்பர் போலும்! 2025-இல் நம் அரசு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கை இருமொழிக் கொள்கையை உறுதியாகச் சொல்கிறது, அதனை வரவேற்கிறோம். அதன் வெளிச்சம் அரசுப் பள்ளி முற்றத்தோடு நின்றுவிடலாகாது. (அம்முற்றத்திலும் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகளை நட்டு வளர்த்ததை நாம் மறக்கவில்லை.)

கடைசியாக நம்மவரைப் பற்றி. மேடையில் ‘தமிழுக்கு உயிர்’ என்று கையுயர்த்தி முழங்குவோரின் பெயரன் பெயர்த்திகள் எங்குப் படிக்கின்றனர் என்று ஒரு கணக்கெடுத்தால் நம்மில் பலர் தலைகுனிய நேரும். ‘பிள்ளையின் எதிர்காலம்’ என்பர். எதிர்காலத்துக்குப் பிரெஞ்சு வேண்டுமாயின் கற்கட்டும். செனீவாவின் இயற்பியல் வேண்டுமாயின் கற்கட்டும். எருமிநாட்டுத் துறவியை வரவேற்ற நாம் எந்த அறிவையும் வெறுப்பவரல்லர். தமிழை விட்டுத்தான் அவற்றைக் கற்க வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லையே! அப்பள்ளியின் வாயிலில் நின்று ‘என் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், உம் மொழிக்கொள்கையைக் காட்டும்’ என்று பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால், மறுநாளே தமிழாசிரியர் வேண்டும் என்று இதழில் விளம்பரம் வரும். அவர்கள் செனீவாவுக்கு அஞ்சுவதைவிடக் கட்டணம் செலுத்துவோர்க்கு மிகுதியாக அஞ்சுபவர்கள்.

எனவே மன்றத்தினர் வரும் கல்வியாண்டு தொடங்குமுன் செய்ய வேண்டியது இது. தத்தம் மாவட்டத்தில் பன்னாட்டுப் பள்ளி என்று பெயர் பூண்டவற்றைத் தொகுத்துக்கொள்க. அவற்றுள் பலவற்றுக்கு எந்த நாட்டின் ஏற்பும் இராது. பெயர் மட்டுமே பன்னாடு. முதன்மைக் கல்வி அலுவலர்க்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மடல் எழுதுக. அப்பள்ளி எந்த வாரியத்தைச் சேர்ந்தது, மறுப்பின்மைச் சான்று எந்நாளில் எந்நிபந்தனையோடு தரப்பட்டது, தமிழ் எவ்வகுப்பு வரை கிழமைக்கு எத்தனை வேளை கற்பிக்கப்படுகிறது, தமிழாசிரியர் எத்தனை பேர், அவர்தம் தகுதி யாது என்று தனித்தனியே கேட்டு வாங்குக. ஐ.பி. பள்ளியாயின், செனீவாவுக்கு அது எழுதிக்கொடுத்த மொழிக்கொள்கையின் படியைப் பள்ளியிடமே கேட்டுப் பெறுக. அதில் நாட்டின் மொழி என்னும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க. விடைகளைத் திரட்டி நம் இதழுக்கு விடுக்க. பெயர் பெயராக, ஊர் ஊராக அச்சிடுவோம்.